மூலவோலையும் வழித்தோன்றல் கடனும்

தம் குடிவரலாற்றை அறிய விரும்புதல் மக்கட்கு இயற்கை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதலும், திதிநாளிலே மூன்று தலைமுறையார் பெயரையுஞ் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தலும் அவ்விருப்பத்தின் வழிவந்த ஒழுக்கங்களேயாம். இக்காலத்திலே அவ்விருப்பம் முன்னையினும் மிக்குள்ளது. 1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கிலுள்ளார் தம் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்தார் ஏறக்குறைய எல்லாரும் ஓரிரவிற் புறப்பட்டனர். அங்ஙனம் புறப்பட்டோர் பலர் காணியுறுதிப் பெட்டியையும் உடன்கொண்டு செல்ல இயலாதவராயினர். அவர்தம் பேரப்பிள்ளைகள் வேற்று நாடுகளிலே பிறந்து, “யாம் எவ்வூரார்? எம்முடைய பூட்டனார் யாவர்?” என்று வினாவுகின்றனர். வினாவுதல் நன்றே. ஆயின் அவ்வினாவுக்கு விடைதேடப் புகுவார் எதிர்கொள்ளும் ஓர் அறவினா உண்டு. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அஃதாவது, முன்னோர் பதிவுகளை ஆராயுங்கால் பெருமை தருஞ் செய்தியோடு சிறுமை தருஞ் செய்தியும் வெளிப்படின், வழித்தோன்றல் செய்யக்கடவது யாது? மறைத்தலோ, வெளியிடுதலோ, நாணுதலோ, எமக்கு இதனால் என்னை என்று வாளாவிருத்தலோ என்பது.

முதற்கண் ஆராய்ச்சிக்குக் கருவியாவன யாவையென நோக்குவாம். யாழ்ப்பாணத்தாருக்கு முதற்கருவி காணியுறுதியே. காணியின் பெயர், பரப்புக் குழிக் கணக்கு, நாற்றிசை எல்லை, எல்லைக்காரர் பெயர் என்பவற்றோடு, அக்காணி இன்னாரிடமிருந்து முதுசமாக வந்ததோ, சீதனமாக வந்ததோ, விலையாக வந்ததோ என்பதும் அதன்கண் எழுதப்பட்டிருக்கும். நம் பெயர்முறை தந்தைவழியைக் காட்டும். சீதனவுறுதியோ தாயிடமிருந்து மகளுக்கும், அம்மகளிடமிருந்து அவள் மகளுக்கும் சென்ற வழியைக் காட்டும். ஆதலாற் பெயரினால் மறைந்துபோன பாட்டிமாரைச் சீதனவுறுதியிலே காணலாம். இரண்டாவது கருவி பிறப்பு இறப்புப் பதிவுகளாம். இவை 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் இலங்கை முழுவதற்கும் உரியவாயின. மூன்றாவது கருவி ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகள். அவருள்ளே சிலவற்றில் நிலமும் குடிகளும் வரியும் பதியப்பட்டன. பள்ளித்தோம்பு என்பவற்றிலே ஞானஸ்நானம் பெற்றோரும், விவாகம் பதிந்தோரும், பள்ளிப்பிள்ளைகளும் பதியப்பட்டனர். இவற்றின்மேலும் கோயிற் கணக்குகளும், மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தோர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களும், நம்முடைய பள்ளிக்கூட இடாப்புகளும் கருவிகளாம். 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு தீக்கிரையானபோது அழிந்த ஏடுகளை மீளப்பெறல் அரிது. ஆதலின் வீடுகளிலே எஞ்சியுள்ள ஓரோலையும் இப்பொழுது அருமையுடையதாயிற்று.

இவற்றை ஆராய்வாரை முதலிலே பற்றும் மயக்கம் பெருமையென்பது. “எம் முன்னோர் இன்ன முதலியார்” என்று கண்டவுடனே ஆராய்ச்சியை முடித்துக்கொள்வார் பலர். ஒருவர்க்குத் தாய் தந்தையர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அவர்க்கு முன்னோர் எண்மர். இவ்வாறு இரட்டித்துச் செல்லின், பத்தாந் தலைமுறையிலே 1,024 இடங்கள் உளவாகும். தலைமுறையொன்றுக்கு இருபத்தைந்து ஆண்டு எனக் கொள்ளின், அஃது ஒல்லாந்தர் காலத்தைச் சென்று சேரும். உறவுக்குள்ளே மணஞ்செய்தலால் ஒருவரே இரண்டு மூன்று இடங்களில் வருதல் கூடுமாயினும், நூற்றுக்கணக்கான முன்னோர் ஒருவர்க்கு உண்டென்பதில் ஐயமில்லை. அவருள் ஒரு முதலியாரை மாத்திரந் தெரிந்தெடுத்து, உழுதாரையும் வலை வீசினாரையும் பிறர் வீட்டிலே நெற்குற்றினாரையும் விட்டுவிடுதல் வரலாறு ஆகாது. அஃது ஆயிரம் பேருள் ஒருவரைச் சுற்றமென்று கொண்டாடி, மற்றையோரைப் புறத்தே நிறுத்துதல் போலும்.

இரண்டாவது மயக்கம் நாணம் என்பது. சைவக் குடியிலே பிறந்து நாள்தோறுந் திருநீறணியும் ஒருவர், தம் முன்னோர் பெயர் பள்ளித்தோம்பிலே ‘தொன்’ என்னும் அடைமொழியோடு எழுதப்பட்டிருத்தலைக் காண்பாராயின் திடுக்கிடுவர். அத்தாளை மடித்து மறைக்கவும் நினைப்பர். அவர் ஒன்றை அறிதல் வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியிலே விவாகம் அவர்தம் கோயிலிலே பதியப்படாவிடின், பிள்ளைகளின் உரிமைக்கு இடர் நேரும், உத்தியோகமும் கிடையாது. ஆதலாற் பலர் ஞானஸ்நானப் பெயரைப் பெற்றனர். பகலிலே அவர் ஆலயத்துக்குச் சென்று, வீட்டிலே விரதங் காத்து, உண்ட இலையைக் கூரையின் இறப்பிலே செருகி மறைத்தனர் என்னுஞ் செய்தி செவிவழியாக இன்றும் வழங்குகின்றது. 1734ஆம் ஆண்டளவிலே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைக் குருக்கள் வளவிலே மீள அமைப்பித்தவராகிய இரகுநாத மாப்பாண முதலியார், ஒல்லாந்தர் கச்சேரியிலே சிறாப்பராயிருந்தவர். அவர் பெயரின் முன்னும் ‘தொன் யுவான்’ என்னும் அடைமொழி வழங்கிற்று. அவ்வடைமொழியை மாத்திரங் கண்டு அவர் உள்ளத்தை அளக்கப் புகுவார் எத்துணை தவறுவர்! தோம்பு எழுதியவன் அறிந்தது பெயரை; இறைவன் அறிந்தது உள்ளத்தை. பதிவு பொய்யன்று, ஆயினும் அது முழுவுண்மையும் அன்று. அக்காலத்திலே உண்மையாகவே மதம் மாறினாரும் உளர். அவர் கொண்ட மதத்தை அவர் கொண்டதாகவே எழுதுதல் முறை. நம் விருப்பத்துக்கு இசைய அவரை மறைமுகச் சைவராக்குதலும் ஒரு பொய்யேயாம்.

இனி, பெருமையினும் நாணத்தினும் கடியது ஒன்றுண்டு. பழைய சீதனவோலைகளை விரித்துப் படிப்பார், காணியும் நகையும் பசுவும் எண்ணப்பட்ட நிரலிலே மனிதர் பெயரும் எண்ணப்பட்டிருத்தலைக் காண்பர். ஆடவரும் பெண்டிரும் அவர் பிள்ளைகளும், பெண்ணுக்குக் கொடுக்கும் பொருள்களோடு பொருளாகக் கொடுக்கப்பட்டனர். கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி 1707ஆம் ஆண்டிலே தொகுத்து, நம்மவராகிய பன்னிரு முதலிமார் பார்வையிட்டு உடன்பட்ட தேசவழமையிலே, அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. ஆங்கில அரசாங்கம் 1806ஆம் ஆண்டிலே அவ்வழமைக்குச் சட்டவலி கொடுத்தது. இலங்கையிலே அடிமைமுறை சட்டத்தினாலே முற்றும் ஒழிக்கப்பட்டது 1844ஆம் ஆண்டிலேயாம். ஆகவே இது புராணகாலச் செய்தியன்று. நம் பாட்டனாருடைய பாட்டனார் கண்ணாற் கண்ட செய்தி.

இங்ஙனம் ஓரோலை ஒருவர் கைக்கு வருமாயின் அவர் செய்யக்கடவது யாது?

இவ்வினாவுக்கு விடைகாணச் சைவர்க்கு வேறோரிடஞ் செல்ல வேண்டுவதில்லை. முன்னோர் ஓலையொன்றினால் ஒருவர் வாழ்வு மாறிய வரலாறு திருத்தொண்டர் புராணத்தின் தொடக்கத்திலேயே உள்ளது. புத்தூரிலே மணப்பந்தரில் இருந்த நம்பியாரூரரை முதிய வேதியர் ஒருவர் அணுகி, “நின் பாட்டன் தன்னையுந் தன் வழியினரையும் எனக்கு அடிமையென எழுதித் தந்தான்” என்றனர். நம்பியாரூரர் சினந்து அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிந்தனர். கிழிந்தது படியோலை, மூலவோலை வேதியர் கையிலேயே இருந்தது. வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் முன் சென்றது. அவர்கள் என்செய்தனர்? வேதியர் வேதியர்க்கு அடிமையாதல் வழக்கமில்லை என்று தள்ளிவிட்டனரல்லர். வந்தவர் முதியர் என்று நம்பிவிட்டனருமல்லர். பாட்டனார் கையெழுத்துள்ள வேறோரோலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கி, எழுத்து ஒத்திருத்தல் கண்டு தீர்ப்புக் கூறினர். நம்பியாரூரரும் அத்தீர்ப்புக்கு உடன்பட்டனர்.

இவ்வரலாற்றின் அருட்பொருள் வேறு; அது நாம் அறிந்ததே. ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது அதன்கண் அமைந்த ஒழுக்கத்தை. அவ்வொழுக்கம் மூவகைத்து. ஒன்று: தமக்கு ஒவ்வாத ஓலையைக் கிழித்தலால் உண்மை கிழிபடாது. இரண்டு: ஓலையை நம்புதலும் தள்ளுதலும் வழக்கத்தையும் விருப்பத்தையும் பற்றியன அல்ல, ஒப்புநோக்கிய சான்றைப் பற்றியன. மூன்று: பாட்டன் எழுதியதாயினும், உண்மையென்று துணிந்தபின் பேரன் அதற்குப் பொறுப்புடையன்.

மூன்றாவதன்மேலே தடை நிகழ்த்துவார் உளர். “வினை அவரவர்க்கே உரியது. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்னும் மூன்றும் உயிர்தோறும் வெவ்வேறு. தந்தை செய்த பாவத்தை மகன் நுகர்வான் என்பது சித்தாந்தமன்று. ஆதலின் எம் முன்னோர் அடிமை வைத்திருந்தமையால் எமக்கு வருங் குற்றம் யாதுமில்லை” என்பர் அவர். அவர் கூறிய சித்தாந்தம் மெய்யே. குற்றம் வழித்தோன்றலுக்கு இல்லை. ஆயின் வினை வேறு, கடன் வேறு. தந்தை வாங்கிய கடனை அவருடைய காணியைப் பெற்ற மகன் தீர்க்கின்றான். அதனால் அவன் கடன் வாங்கியவன் ஆகான். பெற்ற பொருளோடு பொறுப்பையும் பெற்றான் என்பதே கருத்து. பிறருழைப்பினால் விளைந்த வயலும், அவ்வயலால் வந்த கல்வியும், அக்கல்வியால் வந்த உத்தியோகமும் நம் கையில் இருக்க, அவ்வுழைப்பின் கணக்கை மாத்திரம் எமதன்று என்றல் நேர்மையாகாது.

அதே சித்தாந்தம் வேறொன்றையும் உணர்த்துகின்றது. உடம்பின் வழி வேறு; உயிரின் வழி வேறு. இப்பிறப்பிலே ஓலை உடையார் குடியிற் பிறந்த உயிர், முற்பிறப்பிலே அவ்வோலையில் எண்ணப்பட்டவருள் ஒருவராய் இருந்திருத்தலுங் கூடும். பிறவிதோறும் வெவ்வேறு உடம்பெடுத்து வருவோமென்று நாள்தோறும் ஓதும் நாம், ஒரு குடியின் பெருமையை உயிரின் பெருமையென்று எங்ஙனங் கொள்வோம்? அவ்வோலையைப் படிக்கும்பொழுது, உடையவர் பெயரை மாத்திரம் நம் பெயரென்று கருதுதல் சைவ நெறியோடு முரணும்.

“அஃது அக்காலத்து வழக்கம், அக்காலத்தாரை இக்காலத்துக் கோல்கொண்டு அளத்தல் தகாது” என்பது மற்றொரு தடை. இதன்கண் ஒரு நியாயமுண்டு. ஒருவர் பிறந்த காலத்தின் இருள் அவர்தம் குற்றத்தைச் சிறிது குறைக்கும். ஆயினும் ‘அக்காலத்தார்’ என்னுஞ் சொல்லினுள்ளே அடங்குவார் யாவர்? ஓலையை எழுதுவித்தவர் மாத்திரமோ? ஓலையிலே எண்ணப்பட்டவரும் அக்காலத்தாரேயன்றோ? தம் பிள்ளை பிறர் மகளுக்குச் சீதனமாகச் சென்ற நாளிலே, இது வழக்கமென்று அத்தாய் மகிழ்ந்திருப்பாளோ? அவள் கருத்தை எழுதிவைப்பார் இல்லாமையினாலே, உடையார் கருத்தையே காலத்தின் கருத்தென்று கொள்ளுகின்றோம். இது மீட்டும் ஒருமுறை அவளை எண்ணாது விடுதலாம்.

இவ்விடத்தே ஓர் உண்மை புலப்படுகின்றது. காணியில்லாதவர்க்குக் காணியுறுதி இல்லை. அவர்தம் முன்னோர் பெயர், பெரும்பாலும் உடையார் வீட்டு ஓலைகளிலேயே எஞ்சியுள்ளது. நமக்கு நாணந் தரும் அவ்வோலையே, வேறொருவர்க்குத் தம் பூட்டியாரின் பெயரைத் தரும் ஒரே ஏடாகலாம். நாம் அதனை எரிப்பின், அல்லது பெட்டியடியிலே செல்லரிக்க விடின், உழைப்பைப் பெற்ற குடி பெயரையும் எடுத்துக்கொண்டதாக முடியும். ஆதலின் அவ்வோலையை அழித்தற்கு நமக்கு உரிமையில்லை. அது நம் கையிலுள்ளதாயினும் நமக்கு மாத்திரம் உரியதன்று. நாம் அதற்குக் காப்பாளரே.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் அச்சிட்டு ஊரறிய வெளியிடலாமோவெனின், அதுவும் ஆகாது. இன்னாருடைய முன்னோர் இன்னாருக்கு அடிமையாயிருந்தனர் என்று பெயர்சுட்டி எழுதுதல், உண்மை உரைத்தல் என்னும் பெயரால் இன்றுள்ளாரைப் புண்படுத்துதலாகும். சமூகக் குறைபாடுகளைத் தடுக்குஞ் சட்டம் 1957ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. அதன்பின்னும் 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்திலே ஆலய வாயில் அடைக்கப்பட்டதையும், உட்புக வந்த அடியார் தடுக்கப்பட்டதையும் நாடறியும். வடு முற்றும் ஆறாத நிலையிலே அதனைக் கீறுதல் அறமன்று. ஆகவே நாம் துணிவது இது: தம் குடி செய்ததைத் தாமே சொல்லுதல் கடன், பிறர் குடி பட்டதைச் சொல்லும் உரிமை அக்குடிக்கே உரியது. நம் முன்னோர் அடிமை வைத்திருந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்கு மறையாது சொல்லுவோமாக. ஓலையிற் கண்ட பிறர் பெயர்களை, அவற்றைக் கேட்கும் உரிமையுடையார் வந்து கேட்கும்பொழுது, இரக்கங் காட்டுவார்போலன்றி, அவர் பொருளை அவருக்கு மீளக் கொடுப்பார்போலக் கொடுப்போமாக. கேளாதாரைத் தேடிச்சென்று உரைத்தல் வேண்டா.

இனி, ஆசிரியர்களாகிய நமக்குச் சிறப்பாக உரியனவற்றைக் கூறி முடிப்பாம்.

வரலாற்றுப் பாடத்திலே, “உன் குடிவழியை எழுதி வருக” என்று பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தல் இக்காலத்து வழக்கம். பயிற்சி நல்லதே. ஆயின் வகுப்பிலே தந்தை காணாமற்போன பிள்ளை உண்டு. தாய்தந்தையர் இருவரையும் போரிலே இழந்து இல்லத்திலே வளரும் பிள்ளை உண்டு. பாட்டன் பெயரை உரத்துச் சொன்னால் அயலிருப்பான் முகஞ்சுளிப்பானோ என்று அஞ்சும் பிள்ளையும் உண்டு. ஏழு தலைமுறை எழுதிய பிள்ளையைப் புகழ்ந்து, ஒரு தலைமுறையோடு நின்ற பிள்ளையை ஏனென்று வினாவுதல் ஆசிரியர்க்கு அழகன்று. குடிவழியை எழுதுவித்தலினும், வீட்டிலுள்ள முதியவர் ஒருவரை அணுகி அவர் செய்த தொழிலையும் பட்ட துன்பத்தையுங் கேட்டு எழுதுவித்தல் சாலச் சிறந்தது. அம்முதியவர் உறவினராயினும் ஆகுக, அயலவராயினும் ஆகுக. அதனால் எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஒன்றைக் கொண்டுவருவர்.

மற்றொன்று நம் கையிலுள்ள இடாப்பு. நூறாண்டுக்குப்பின் ஒருவர் தம் பூட்டனாரைத் தேடி வருவாராயின், அவர்க்கு உதவுவது நாம் இன்று எழுதும் பெயரும் பிறந்த நாளுமே. பிழையின்றி எழுதுதல் தொழில்முறை மாத்திரமன்று, அறமுமாம். பழைய இடாப்புகளை நோக்குவார் அங்கே உள்ள பெயர்களோடு இல்லாத பெயர்களையும் எண்ணிப் பார்ப்பாராக. 1930ஆம் ஆண்டளவிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்குஞ் சமவாசனம் அளிக்கவேண்டுமென்று விதி வந்தபோது, அதனைப் பொறாதார் யாழ்ப்பாணத்திலே பள்ளிக்கூடங்கள் சிலவற்றை எரித்தனர். அதற்கு முன்னர்ப் பல பள்ளிகளிலே அப்பிள்ளைகள் நிலத்திலே இருந்தனர். சில பள்ளிகளிலே அனுமதிக்கப்படவேயில்லை. சைவப்பள்ளிகளும் இதற்கு முற்றும் புறம்பானவையல்ல. பள்ளி நூற்றாண்டு மலர் எழுதுவார் அதிபர்களையும் கட்டிடங்களையும் பரிசில்களையும் நிரல்பட எழுதுகின்றனர். இதனையும் ஒரு பக்கத்திலே எழுதுவாராயின், அம்மலர் நம்பத்தக்க மூலவோலையாகும். எழுதாராயின் அது படியோலையேயாம்.

சந்தானம் என்னுஞ் சொல்லுக்கு வழித்தோன்றல் என்பது பொருள். நம் முன்னோர் அச்சொல்லை மெய்கண்டார் முதலிய குரவர் நால்வர்க்கும் இட்டு வழங்கினர். அவருள் ஒருவர்க்கொருவர் தந்தையுமல்லர், மகனுமல்லர். மெய்கண்டாருடைய தந்தையார்க்குக் குருவாயிருந்த அருணந்தி சிவாசாரியர், இளம்பிள்ளையாகிய மெய்கண்டாருக்கே மாணாக்கராயினர். தில்லைவாழந்தணராகிய உமாபதி சிவாசாரியர், பெற்றான் சாம்பானுக்கு முத்தியளித்த வரலாற்றையும் யாம் மாணாக்கர்க்கு உரைக்கின்றோம். குருதியால் வந்த வழியை மறுத்தலும் வேண்டா. அதனைத் தலையில் வைத்துக் கூத்தாடுதலும் வேண்டா. முன்னோர் ஓலையை விரிப்பார், திருவெண்ணெய்நல்லூர் அவையத்தாரைப்போல ஒப்புநோக்குக, நம்பியாரூரரைப்போல உடன்படுக, தீர்க்கத்தக்க கடனை இப்பிறப்பிலேயே தீர்க்க முயலுக. அதற்குத் திருவருள் முன்னின்று துணைபுரிவதாக.